பிள்ளைகளின் கையும் அடுத்தவர் போட்ட கோடும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தமிழ், கணக்கு, ஆங்கிலம். சனிக்கிழமை மட்டும் படம் வரைதல், மண்ணில் பொம்மை செய்தல், காகிதம் வெட்டி ஒட்டுதல்.

சனிக்கிழமை வகுப்பை ஆரம்பத்தில் நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. பிள்ளைகளை மற்ற ஐந்து நாளும் வரவைப்பதற்குக் கொடுக்கிற மிட்டாய் மாதிரிதான் வைத்திருந்தோம். அந்த வகுப்புதான் எங்களை அதிகமாகக் கேள்வி கேட்டது. உங்களில் பலர் உங்கள் ஊரில் இதே மாதிரி வகுப்பு எடுக்கிறீர்கள், எடுக்கப் போகிறீர்கள். எங்கே நாங்கள் தவறினோம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

முதல் சனிக்கிழமை ஆளுக்கொரு தாள் கொடுத்து "நம்ம ஊர வரைங்க" என்றோம். வந்த படங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே ஊர். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றில் ஒரு படகு, கரையில் தென்னை மரம், ஒற்றை ஓட்டு வீடு. வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலைந்து பறவை. நீங்களும் இதை வரைந்திருப்பீர்கள். நாங்களும் வரைந்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்கு மலை உண்டு. தலையைத் தூக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஆனால் பெயரிலேயே இருக்கிறதே, அது மேற்கே இருக்கிறது. எங்களுக்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும், ஒருநாளும் ஏறாது. படகு போகிற ஆறும் இங்கே கிடையாது, கண்மாய்தான். வீடுகள் ஓட்டு வீடும் இல்லை. காரை பெயர்ந்து கம்பி தெரிகிற தொகுப்பு வீடுகள்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டோம்.

"காலையில சூரியன் எந்தப் பக்கம்டா வருது?"

"மில்லு பக்கம்க்கா."

"அப்ப உன் படத்துல மலைக்குப் பின்னாடி வருதே?"

அவள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது படம்க்கா."

இன்னொரு பையன் மலையை விட்டுவிட்டுக் கோபுரம் வரைந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்றே எங்கள் பக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மதுரை மேற்குக் கோபுரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதுவாகவும் இருக்கட்டும். பையன் பதினோரு நிலையையும் எண்ணிச் சரியாகப் போட்டிருந்தான். "ஒங்க தெருவுல எத்தன வீடு?" என்று கேட்டால் யோசித்தான். கோபுரத்தை வரையக் கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆடிப்பூரத் தேரை எங்கள் வீட்டு ஆட்களும்தான் பார்க்கப் போகிறார்கள். எங்களை உறுத்தியது வேறு. வரைவதற்குத் தகுந்தது எது, தகாதது எது என்று இந்தப் பிள்ளைகள் ஏழு வயதுக்குள்ளேயே முடிவு செய்திருக்கிறார்கள். தங்கள் தெரு, தங்கள் வீடு, தங்கள் ஆத்தாள் அப்பன் செய்கிற வேலை எல்லாம் 'படம்' என்பதற்கு வெளியே இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்காமலே அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தைத் திட்டிவிட்டு எளிதாக நகர்ந்துவிடலாம். ஆனால் நிலைமையைப் பாருங்கள். 2005இல் வந்த தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால், ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் என்பது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குத்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 2012இல் தமிழ்நாட்டில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவும் ஆறு முதல் எட்டு வரைக்கும்தான். ஒன்று முதல் ஐந்து வரை? அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மிச்சம் ஒருவர். அந்த ஒருவர் கரும்பலகையில் இரண்டு மலையைப் போட்டு "இதப் பாத்து வரைங்க" என்று சொல்வதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? படம் வரையும் கை பழக வேண்டிய வயதில் படம் சொல்லித்தர ஆள் இல்லை. அது அந்த ஆசிரியரின் குற்றம் இல்லை, ஏட்டிலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தனியார் நர்சரிப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் எங்கள் காலனியில் இருக்கிறார்கள். மில் கூலியில் பீஸ் கட்டி அனுப்புகிறார்கள். அங்கே கலை வகுப்பு உண்டு, 'புராஜெக்ட்' என்ற பெயரில். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் செய்தி வரும்: நாளைக்கு தெர்மாகோலில் வீடு, ஐஸ் குச்சியில் பேனா ஸ்டாண்டு, சார்ட்டில் பழங்கள், ஓரத்தில் ஜிகினா. ஃபேன்சி ஸ்டோர் சாத்துவதற்குள் அம்மா ஓடுவார். அப்பாவோ அக்காவோ உட்கார்ந்து விடிய விடியச் செய்வார்கள். பிள்ளை தூங்கிவிடும். காலையில் அழகாக இருப்பது சுவரில் ஏறும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். இதில் பிள்ளையின் கை எங்கே இருக்கிறது?

அப்படி ஒரு ராத்திரி தெர்மாகோல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு உதவியாக எங்களில் ஒருவர் போய் உட்கார்ந்தோம். பசையைத் தொட்டு அவர் தாளில் ஓட்டிய வேகத்தைப் பார்த்து, "எப்படிக்கா இவ்வளவு சுத்தமா ஒட்டுறீங்க?" என்று கேட்டோம்.

"இவ வயசுல எனக்கு இதான தம்பி வேல" என்றார்.

தீப்பெட்டி ஒட்டியிருக்கிறார். விடிவதற்கு முன்னால் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி, குரோசுக்கு 144 பெட்டி. மயில் படம், ரோஜாப்பூப் படம், சிங்கப் படம் என்று லேபிள் லேபிளாக ஒட்டியிருக்கிறார். "கையில பூராப் படமாத்தான் கெடந்துச்சு. ஒண்ணுகூட நான் போட்டதில்ல. எம் பேர எழுதத் தெரியாமயே அம்புட்டுப் படம் ஒட்டிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

சிவகாசிச் சுற்றுவட்டாரத்தின் குழந்தைத் தொழிலாளர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1986இல் சட்டம் வந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பலரும் போராடித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். ஆனால் அந்த ராத்திரி எங்களுக்குத் தோன்றியது இதுதான்: தாள், பசை, வண்ணப் படம். ஒரு குழந்தைக்கு இதே சாமான்கள் கலை வகுப்பு. இன்னொரு குழந்தைக்கு இதே சாமான்கள் கூலி வேலை. யார் போட்ட படம், யார் கோட்டுக்குள் யார் கை ஓடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வகுப்பை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தோம்.

"ஒங்க அம்மாவ வரைங்க" என்றோம் ஒரு வாரம். ஒரே ஒரு கிரேயான் பெட்டிதான் இருந்தது. ஒரு குச்சிக்குச் சண்டை நடந்தது. "ஏய், ஸ்கின் கலரக் குடுடா!" வெளிறிய ரோஸ் நிறக் குச்சி. வெயிலில் களை எடுத்து, மில்லில் நைட் ஷிப்ட் பார்த்து வருகிற அம்மாக்கள் எல்லாரும் தாளில் ரோஸ் நிறத்தில் வந்தார்கள். கறுப்பாகவே இருக்கிற ஒரு பையன், தன் அம்மாவுக்கு ரோஸ் போட்டு முடித்துவிட்டு, தனக்கு எதுவுமே போடாமல் வெள்ளையாக விட்டுவிட்டான்.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940 வாக்கில் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஆப்பிள், இலை, ஆரஞ்சு, எலி, ஒரு பையன், ஒரு பெண்பிள்ளை ஆகியவற்றின் கோட்டுப் படங்களைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். இலைக்குப் பச்சை, ஆரஞ்சுக்கு ஆரஞ்சு என்று சரியாகத் தீட்டிய பிள்ளைகளில் பலர், 'உன் நிறத்தை இந்தப் பிள்ளைக்குப் போடு' என்றபோது தங்கள் நிறத்தைவிட வெளிறிய நிறத்தையோ, சம்பந்தமே இல்லாத நிறத்தையோ எடுத்தார்கள். இந்தத் தம்பதி பொம்மைகளை வைத்துச் செய்த ஆய்வு, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் சான்றாக நின்றது. அந்த ஊரிலும் கிரேயோலா கம்பெனி ரோஸ் மாதிரியான ஒரு குச்சிக்குத் 'தசை நிறம்' என்று பெயர் வைத்திருந்தது. 1962இல்தான் அதைப் 'பீச்' பழத்தின் பெயருக்கு மாற்றியது. நாம் இன்னும் 'ஸ்கின் கலர்' என்றே கேட்டு வாங்குகிறோம்.

பிள்ளைகளிடம் 'கறுப்புதான் அழகு' என்று நாங்கள் பிரசங்கம் செய்யவில்லை. செய்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ரோஸைத்தான் எடுப்பார்கள். அடுத்த வாரம் மண் கொண்டுவரச் சொன்னோம். கண்மாய்க் களிமண், காட்டிலிருந்து கரிசல், ரோட்டோரச் செம்மண், செங்கல் தூள், அடுப்புக்கரி. தூளாக்கி, துணியில் சலித்து, வேலம்பிசின் ஊறிய தண்ணீரில் குழைத்தோம். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பானதைப் பார்த்து ஒரே கூச்சல். அப்புறம் ஒவ்வொரு கிண்ணத்தின் பக்கத்திலும் கையை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். "இது எங்கப்பா." "இது எங்க பாட்டி, கொஞ்சம் கரி போடு." "எனக்குச் செங்கல் கூட இன்னும் கரிசல் வேணும்." முக்கால் மணி நேரம் வேலை நடந்தது. அன்றைக்கு யாரும் ஸ்கின் கலர் கேட்கவில்லை. ஒரு காசு செலவில்லை.

இப்போது எங்கள் தவறுகளுக்கு வருகிறோம்.

ஏப்ரல் 14 வந்தது. அண்ணல் அம்பேத்கரின் கோட்டுப் படத்தை ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வண்ணம் தீட்டக் கொடுத்தோம். நல்லெண்ணம்தான். இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கோட்டுக்குப் பச்சை அடித்தாள். எங்களில் ஒருவர் குனிந்து, "நீலம் அடிடா" என்றார். அவள் நிமிர்ந்து கேட்டாள்: "ஏன், அவருகிட்டப் பச்சச் சட்ட கெடையாதா?" பதில் சொல்லத் தெரியாமல், "படத்துல நீலம்தான் போடணும்" என்றோம். அவள் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வெள்ளாடு ஒன்றை வரைய ஆரம்பித்தாள். "முன்பக்கம் முடிச்சிட்டு அப்புறம் வரை" என்று மறுபடியும் நாங்களே தடுத்தோம்.

ராத்திரி அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 'இது படம்க்கா' என்று சொல்ல வைத்த அதே வேலையை நாங்களும் செய்திருக்கிறோம். மலையும் படகும் அடுத்தவர் போட்ட கோடு. தீப்பெட்டி லேபிள் அடுத்தவர் போட்ட கோடு. எங்கள் ஜெராக்ஸும் அப்படித்தான். நம் தலைவர் படமாக இருந்தாலும், அந்தக் கோட்டுக்குள் நிற்கச் சொன்னது நாங்கள்.

அடுத்த வாரம் ஜெராக்ஸ் கொடுக்கவில்லை. பாபாசாகேப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களோடு உட்கார முடியாமல் மூலையில் ஒரு கோணித் துண்டில் தனியாக உட்கார்ந்ததையும், அதைப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவர்கூடத் தொட மாட்டார் என்பதால் தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்ததையும் சொன்னோம். அவரே எழுதி வைத்த சம்பவம் அது. வெற்றுத் தாளைக் கொடுத்தோம். ஒருவன் கோணியை மட்டும் வரைந்தான், இழை இழையாக. ஒருத்தி அந்தக் கோணியில் இரண்டு பேரை உட்கார வைத்திருந்தாள். "ரெண்டாவது யாரு?" "நான்தான். அவரு தனியா இருக்காருல்ல." ஐம்பது ஜெராக்ஸ் செய்யாத வேலை அது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற படங்களிலேயே எளிதானது கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடுவது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஒரு குகைச் சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் சாயம் ஊதிய தடம் 39,900 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உடையது என்று 2014இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கையைச் சுற்றிப் போடுகிற கோடு ஒன்றுதான் யாரும் போட்டுக் கொடுக்காத கோடு என்று நினைத்து அதைக் கொடுத்தோம். பழைய சிவகாசிக் காலண்டரின் பின்பக்கம் கெட்டியான வெள்ளைத் தாள். அதில் எல்லாரும் கையை வரைந்து, உள்ளே தங்களுக்குப் பிடித்ததை நிரப்பினார்கள்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மணிக்கட்டில் ஒரு கயிறு வரைந்து, யோசித்து யோசித்து இரண்டு நிறம் தீட்டினான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க தெரு கலர் அது இல்லையே, இது" என்று குச்சியை எடுத்து நீட்டினான். ஒன்பது வயது. பையன் எங்களைப் பார்த்து, "அண்ணே, பெரியாஸ்பத்திரிப் பள்ளிக்கூடம் போனதும் நானும் கட்டுவேன்" என்றான். அவன் சொன்னது அண்ணன்மார் படிக்கிற மேல்நிலைப் பள்ளியை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதியைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் உங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. நாங்கள் அதை ஆதரித்துத் தெருமுனைக் கூட்டம் போட்டவர்கள். ஆனால் எங்கள் வகுப்பிலேயே கயிறு வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. அதுவும் ஆதிக்க சாதித் தெருவிலிருந்து வரவில்லை. பள்ளர், பறையர், அருந்ததியர் என்று நாமே தெருவுக்குத் தெரு பிரிந்து கிடக்கிறோமே, அங்கிருந்து வந்தது. அந்த வகுப்புக்கு அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை என்பதையும், நாங்கள் அங்கே போய்க் கூப்பிடவே இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992இல் வந்த 'கருக்கு' நூலில் தன் சிறுவயது விளையாட்டுகளை எழுதியிருக்கிறார். சில பிள்ளைகள் நாயக்கர் ஆவார்கள், மற்றவர்கள் பண்ணையாள் ஆவார்கள். பிள்ளைகள் கண்டுபிடிப்பதில்லை, பார்த்ததைத்தான் விளையாடுகிறார்கள். இந்தப் பையனும் பார்த்ததைத்தான் வரைந்தான்.

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அவனோடு பேசியிருக்க வேண்டும். நாங்கள் செய்தது, அந்தப் படத்தை மொபைலில் எடுத்தது. 'ஒன்பது வயதில் சாதிக் கயிறு' என்று தலைப்புப் போட்டுப் போஸ்டர் தயாரித்தோம். வெளியிடும் முன்பு அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போனோம். அதுவும் கூட்டத்தில் ஒரு தோழர் வற்புறுத்தியதால்தான்.

அவர் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நான் ஒங்கள நம்பித்தான் பிள்ளய அனுப்புறேன். அவன் வரைஞ்சதக் கொண்டுபோயி ஊருக்கெல்லாம் காமிச்சா, நாளைக்கு அடி அவனுக்கு விழுமா ஒங்களுக்கு விழுமா? அந்தத் தெருக்காரன் எங்கிட்டச் சண்டைக்கு வந்தா நீங்க வருவீகளா? அவன் என்னத்தையாச்சும் வரையட்டும். அது அவன் படம். ஒங்க கட்சிப் படம் இல்ல."

நாங்கள் கட்சி இல்லை என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் சொன்னதில் தப்பில்லை. சமூகம் எங்கள் பிள்ளைகளின் கையைத் தன் வேலைக்குப் பயன்படுத்தியது என்று நியாயம் பேசுகிற நாங்கள், அதே கையை எங்கள் வேலைக்குப் பயன்படுத்தப் பார்த்தோம். நோக்கம் நல்லதாக இருந்தது என்பது அந்தப் பையனுக்கு எந்தப் பாதுகாப்பையும் தராது. போஸ்டரை அழித்தோம். படத்தை அவனிடமே கொடுத்தோம்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ் என்ற ஓவிய ஆசிரியரைப் பற்றி நீங்கள் படிக்க வேண்டும். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரெசின் முகாமில் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் படம் சொல்லிக் கொடுத்தவர். கிடைத்த பழைய தாளிலெல்லாம் வரையச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். எண்களாக மாற்றப்பட்ட பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு அவை பிராகாவில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எங்கள் காலனியையும் அந்த முகாமையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. அவரிடம் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: படம் பிள்ளையினுடையது, அதன் மூலையில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வகுப்பில் சில பழக்கங்கள் வைத்திருக்கிறோம். உங்களுக்கும் உதவலாம்.

கோட்டுப் படம் கொடுப்பதில்லை, யார் படமாக இருந்தாலும். காசு கொடுத்து வாங்கிவரச் சொல்வதில்லை. காலண்டர் தாள், மில்லில் வேலை பார்க்கிற அம்மாக்கள் கொண்டுவருகிற கழிவுப் பஞ்சு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியின் வெட்டுத் துண்டுகள், பனை ஓலை, மண், கரி. இவ்வளவு சாமான் எந்த ஃபேன்சி ஸ்டோரிலும் கிடையாது. 'அழகா இருக்கு' என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டு 'இது என்ன, சொல்லு' என்று கேட்கிறோம். ஒரு படத்தைச் சுவரில் ஒட்டினால் எல்லாப் படத்தையும் ஒட்டுகிறோம். எந்தப் படமும் பிள்ளையையும் வீட்டையும் கேட்காமல் மொபைலுக்குள் போகாது. மனதை அறுக்கிற படம் வந்தால் முதலில் அந்தப் பிள்ளையோடு பேசுகிறோம், கூட்டம் போடுவது அப்புறம்தான்.

முக்கியமான இன்னொன்று. வகுப்பை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அருந்ததியர் தெருவின் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். முதல் முறை எங்கள் காலனிப் பிள்ளைகளில் பாதிப் பேரை வீட்டில் அனுப்பவில்லை. இப்போதும் சில வீடுகளில் அனுப்புவதில்லை. போய்ப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பேண்டேஜ் துணியில் நீளமாக ஒரு தெரு வரைகிற வேலை அங்கே நடக்கிறது. காலனியின் கடைசி வீட்டில் தொடங்கி, அடிபம்பு, டீக்கடை, கண்மாய்க்கரை வழியாக அந்த வேப்பமரம் வரைக்கும். ஆளுக்கொரு முழம் துணி. இரண்டு தெருவும் சேர்கிற இடம் யார் பங்கில் வருகிறது என்று போன வாரம் சண்டை. அந்த இடத்தை நான்தான் வரைவேன் என்று மூன்று பேர்.

கயிறு வரைந்த பையனும் வருகிறான். அவன் கையைப் பற்றி அவனோடு ஒரே நாளில் பேசி முடிக்க முடியவில்லை. "அண்ணன் கட்டிருக்கான், நான் கட்டுனா என்ன?" என்று கேட்கிறான். அவன் அண்ணனிடமும் பேச ஆரம்பித்திருக்கிறோம். எங்கே போய் நிற்கும் என்று எங்களால் சொல்ல முடியாது.

தீப்பெட்டி ஒட்டிய அந்த அம்மா ஒருநாள் மகளைக் கூப்பிட்டுப் போக வந்தவர், கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "எங் கையையும் ஒரு தடவ வரையவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தரையில் உட்கார்ந்து தாளில் கையை வைத்தார். மகள்தான் சுற்றிக் கோடு போட்டாள். உள்ளே என்ன நிரப்புவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் மகளைக் கேட்டுக் கேட்டு, எழுத்துக் கூட்டி, உள்ளங்கையில் தன் பெயரை எழுதினார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற தோழர்களே, உங்கள் தெருவில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வையுங்கள். வெற்றுத் தாளைக் கொடுங்கள். சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்று முதலில் கேளுங்கள். நீங்கள் கோடு போடாதீர்கள்.

ஜெய்பீம்.